நூறு பெயர்கள் கொண்ட பட்டியல்: நிதி ஆலோசகர் வேலையும் பெண்களும்

காப்பீட்டு நிறுவனங்களும் முதலீட்டு நிறுவனங்களும் பெண்களை வேலைக்கு அழைக்கும் மொழி ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது. நேரத்தை நீங்களே முடிவு செய்யலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து வேலை பார்க்கலாம். முதல் போடத் தேவையில்லை. வருமானத்துக்கு உச்சவரம்பு கிடையாது. இவற்றோடு கடைசியாக ஒன்றும் வரும்: நாலு குடும்பங்களைக் காப்பாற்றிய மனநிறைவு.

முதல் நான்கு வாக்குறுதிகளையும் யாரும் கணக்குப் போட்டுச் சரிபார்த்துவிடலாம். ஐந்தாவதை அப்படிச் சரிபார்க்க முடியாது என்பதால் அதை விமர்சனமின்றி விட்டுவிடுகிறோம். இந்த வேலையில் மனநிறைவு இல்லை என்பது என் வாதம் அன்று. இருக்கிறது. ஆனால் அந்த நிறைவு எந்த வேலையிலிருந்து வருகிறதோ அந்த வேலைக்குச் சம்பளம் இல்லை. சம்பளம் எதற்குக் கிடைக்கிறதோ அது பல நேரங்களில் அந்த நிறைவைக் குலைக்கிறது. பெண்களிடம் இந்த வேலையை விற்பவர்கள் மறைப்பது இதைத்தான்.

ஏஜென்ட், முகவர், ஆலோசகர்

1956 செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. தொடங்கப்பட்ட நாளிலிருந்து நம் ஊர்களில் இந்த வேலைக்கு வழங்கிய பெயர் ஏஜென்ட். பெண்ணாக இருந்தால் எல்.ஐ.சி. அம்மா, எல்.ஐ.சி. மேடம். 2000இல் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் வந்தபோது அதே வேலை ‘ஆலோசகர்’ ஆயிற்று. ஏஜென்ட் என்றால் விற்க வருபவர் என்று கதவைச் சாத்துவோம். ஆலோசகர் என்றால் உட்காரச் சொல்வோம். பெயர் மாறியதால் வேலை மாறவில்லை. கமிஷன் கமிஷனாகவே இருந்தது.

பங்குச் சந்தையின் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, 2013இல் முதலீட்டு ஆலோசகர்களுக்கெனத் தனி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. 2020இல் அதைத் திருத்தியபோது தனிநபர் ஒருவர் ஆலோசகராகவும் விநியோகஸ்தராகவும் ஒருசேர இருக்க முடியாது என்றது. வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கி யோசனை சொல்பவர் ஆலோசகர். நிறுவனத்திடம் கமிஷன் வாங்கி விற்பவர் விநியோகஸ்தர். பதிவு பெறாத விநியோகஸ்தர் தன் பெயர்ப்பலகையில் ஆலோசகர் என்று போட்டுக்கொள்ளவும் கூடாது. சட்டம் சொல்லவருவது எளிமையானது: யார் பணம் கொடுக்கிறாரோ அவருக்காகத்தான் ஒருவர் வேலை செய்கிறார்.

அதே திருத்தம், தனிநபர் ஆலோசகராகப் பதிவு செய்ய நிதி சார்ந்த உயர்படிப்போடு ஐந்தாண்டு அனுபவமும் வேண்டும் என்றது. பிள்ளைப்பேற்றுக்காகவோ மாமியாரின் நோய்க்காகவோ வேலையை விட்ட பெண்ணிடம் இல்லாதது சரியாக அந்த அனுபவம்தான். 2024 டிசம்பரில் அந்த நிபந்தனை நீக்கப்பட்டு, பட்டப்படிப்பும் தகுதித் தேர்வும் போதும் என்று ஆகியிருக்கிறது. கல்லூரி மாணவிகள் கவனிக்க வேண்டிய மாற்றம் இது. ஆனாலும் நாடு முழுவதும் பதிவு பெற்ற ஆலோசகர்கள் ஆயிரத்தைச் சுற்றியே இருக்கிறார்கள், எல்.ஐ.சி. முகவர்கள் மட்டும் 13 லட்சத்துக்கும் மேல். நம்மில் பெரும்பாலோருக்குத் திறந்திருக்கும் கதவு எது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லும். ஆகவே ‘நிதி ஆலோசகராகும் கனவு’ பற்றிப் பேசுகிற எதையும் கமிஷன் வேலையை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

பட்டியல்

புதிதாகச் சேர்ந்தவரிடம் பயிற்சியில் தரப்படும் முதல் வேலை, தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுதுவது. சித்தி, நாத்தனார், ஓரகத்தியின் அண்ணன், கூடப் படித்தவள், பிள்ளையின் வகுப்பு ஆசிரியை, பால்காரர், மளிகைக் கடைக்காரர். ஆண்களிடமும் இதே பட்டியல்தான் கேட்கப்படுகிறது. ஆனால் ஒரு பெண் அதை எழுதும்போது அது வேறொன்றாகிறது. கல்யாணத்துக்குப் போய், சாவுக்குப் போய், வளைகாப்புக்கு வளையல் வாங்கிக்கொண்டு போய், பிரசவ வார்டில் ஃப்ளாஸ்க்கோடு இரவு விழித்து, ஆண்டுக்கணக்கில் அவள் கட்டிக் காத்த உறவுகள் அவை. குடும்பத்துக்காக அவள் கூலியில்லாமல் செய்த உழைப்பு அது. ‘முதல் போடத் தேவையில்லை’ என்ற வாசகம் பொய் என்று இங்கே தெரிகிறது. முதல் போடுகிறாள். அது ரூபாயில் இல்லை என்பதால் அதற்குக் கணக்கும் இல்லை.

எந்த நூறு வீடுகளுக்குள் அவள் போக முடியும் என்பதைச் சாதியும் தெருவும் முன்பே முடிவு செய்துவிடுகின்றன. ஊர்ப் பக்கம் வாழும் ஆசிரியர் மனைவியின் பட்டியலும் காலனியில் வாழும் சத்துணவு ஊழியரின் பட்டியலும் ஒரே நூறு அல்ல. முந்தைய பட்டியலில் சம்பளக்காரர்கள் நிறைய. பிந்தையதில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் பிரீமியம் கட்டவே தவணை கேட்பவர்கள். இருவரும் ஒரே உழைப்பைப் போட்டாலும், ஆண்டு விழா மேடையில் மாலை விழுவது முந்தையவருக்குத்தான். உழைத்தால் உயரலாம் என்று மேடையில் சொல்லப்படும். யாரிடம் விற்றார் என்பதைச் சொல்லமாட்டார்கள்.

பட்டியல் ஓரிரு ஆண்டுகளில் தீர்ந்துபோகும். அதற்குப் பின் புது முகங்களைத் தேடி அலைய வேண்டும். அலைய முடியாதவர் விலகுவார். அவர் பிடித்துத் தந்த பாலிசிகள் நிறுவனத்திடமே இருக்கும். அவர் இடத்துக்கு இன்னொரு பெண் இன்னொரு பட்டியலோடு வருவார். முகவர் இல்லாமல் நிற்கும் பாலிசிகளை அந்தத் துறையில் அநாதை பாலிசி என்றே சொல்கிறார்கள். உறவினரிடையே ‘என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள்’ என்ற பேச்சு அந்தப் பெண்ணுக்கு மிஞ்சும்.

பாலிசி எடுக்கச் சம்மதிக்கும் உறவினர் பெரும்பாலும் கூடவே ஒன்று கேட்பார்: ‘முதல் பிரீமியத்தை நீயே கட்டிவிடேன், உனக்குத்தான் கமிஷன் வருதே.’ 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு இதைத் தடை செய்கிறது. 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் கேட்பவர் கொழுந்தன் என்றால் சட்டப் பிரிவைச் சொல்லி எந்தப் பெண்ணால் மறுக்க முடியும்? கமிஷன் வருமுன் கைக்காசைப் போடுகிறாள். இலக்கு முடியும் மார்ச் மாதத்தில் நகையை அடகு வைத்தும் போடுகிறாள்.

பதினைந்தாம் தேதி

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாதவர்கள் அஞ்சலக ஆர்.டி. முகவர்கள். 1972இல் தொடங்கிய மகிளா பிரதான் திட்டத்தில் பெண்கள் மட்டுமே முகவராக முடியும். வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்கி, அட்டையில் குறித்து, அஞ்சலகத்தில் கட்ட வேண்டும். கமிஷன் 4 சதவீதம். நூறு வீடுகளில் மாதம் ஆயிரம் வீதம் வசூலித்தால் ஒரு லட்சம். அவள் கைக்கு 4,000 ரூபாய். 2011இல் ஷியாமளா கோபிநாத் குழு இந்தக் கமிஷனையும் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. அரசு மற்ற சிறுசேமிப்புகளில் வெட்டியது. பெண் முகவர்களின் 4 சதவீதத்தை மட்டும் விட்டுவைத்தது.

மாத முற்பகுதியில் தொடங்கிய கணக்குக்கு 15ஆம் தேதிக்குள் தவணை கட்ட வேண்டும். தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். தொகை சிறியதுதான். ஆனாலும் ‘பதினைந்தாம் தேதி’ என்பது ஆர்.டி. முகவரின் வாழ்க்கையில் பெரிய சொல். இரண்டாம் முறை போனால் சம்பளம் வரவில்லை என்பார்கள். மூன்றாம் முறை போனால் கதவு பூட்டியிருக்கும். கடைசியில் தன் காசைப் போட்டுக் கட்டிவிட்டு மறுவாரம் வாங்கிக்கொள்வாள். வட்டியில்லாக் கடன் கொடுக்கிறவளாக இருக்கிறாள் என்பதை அவளும் நினைப்பதில்லை, கட்டுகிறவர்களும் நினைப்பதில்லை.

இன்னொன்றையும் பேச வேண்டும். பெண்களுக்கென்றே உள்ள இந்த உரிமம் பல வீடுகளில் மனைவி பெயரில் இருக்கிறது. வண்டியில் சுற்றி வசூலிப்பவர், அஞ்சலகத்தில் பேசுபவர், கமிஷன் எவ்வளவு வந்தது என்று அறிந்தவர் கணவர். அரசு ஊழியரான கணவர்கள் மனைவி பெயரில் காப்பீட்டு முகமை எடுப்பதும் ஊரறிந்த விஷயம். பெண் பஞ்சாயத்துத் தலைவரின் கணவர் ‘தலைவர்’ என்று அழைக்கப்படுவதைக் கேலி செய்கிற நாம் இதைக் கவனிப்பதில்லை. எத்தனை பெண்கள் முகவராக இருக்கிறார்கள் என்ற கணக்கை யார் சொன்னாலும், எத்தனை பேர் கையில் அந்தக் கமிஷன் போய்ச் சேர்கிறது என்றும் கேட்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. முதல் பான் அட்டை, தன் பெயரில் முதல் வங்கிக் கணக்கு, முதல் ஸ்கூட்டர் இவற்றை இந்த வேலையில் பெற்ற பெண்கள் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். விதிகளுக்கு உட்பட்டு, முகவர் இறந்த பின்னும் அவர் வாரிசுக்குப் புதுப்பித்தல் கமிஷன் போகும். ஓய்வூதியம் இல்லாத வேலைகளே மிகுந்த பெண்களின் உலகில் அது சிறிய விஷயமில்லை. அவர்களை ஏமாந்தவர்கள் என்று சொல்வது அவர்களின் இருபதாண்டு நடையை அவமதிப்பதாகும்.

தோழி என்ற பதவி

2024 டிசம்பர் 9 அன்று ஹரியானாவின் பானிபட்டில் எல்.ஐ.சி.யின் ‘பீமா சகி’ திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். பத்தாம் வகுப்பு முடித்த 18 முதல் 70 வயது வரையுள்ள பெண்கள் சேரலாம். கமிஷனோடு, மாதம் முதல் ஆண்டில் 7,000, இரண்டாம் ஆண்டில் 6,000, மூன்றாம் ஆண்டில் 5,000 ரூபாய் உதவித்தொகை. ஆண்டுக்கு 24 பாலிசி பிடிக்க வேண்டும். முந்தைய ஆண்டு பிடித்ததில் 65 சதவீதம் உயிரோடு இருந்தால்தான் அடுத்த ஆண்டுத் தொகை. இது சம்பள வேலை அன்று என்பதையும் நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

மூன்றாண்டில் மொத்தம் 2,16,000 ரூபாய். இதை வரவேற்கலாம். வெறும் கமிஷனில் தொடக்க ஆண்டுகளைத் தாக்குப்பிடிக்க முடியாது என்பதை ஒரு பெரிய நிறுவனம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைவதன் பொருளையும் பார்க்க வேண்டும். அனுபவம் கூடக்கூட ஊதியம் உயர்வதுதான் வேலைக்கு இலக்கணம். இங்கே தலைகீழ். பட்டியல் தீரும் வேளையில் உதவியும் தேய்கிறது.

‘சகி’ என்றால் தோழி. ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1983இல் எழுதிய நூலில் விமானப் பணிப்பெண்களின் புன்னகை எப்படி நிறுவனத்தின் சரக்காகிறது என்று காட்டி, அதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயரிட்டார். விமானப் பணிப்பெண்ணுக்கு அந்தப் புன்னகைக்கு மாதச் சம்பளமாவது உண்டு. சகிக்கு நட்பும் உண்டு, இலக்கும் உண்டு. நட்பு இலக்காக மாறிய மாதத்துக்குத்தான் கமிஷன்.

காப்பீட்டில் இந்த உணர்ச்சி உழைப்புக்கு ஒரு கூடுதல் கனம் இருக்கிறது, ஏனென்றால் பேச்சு சாவைப் பற்றியது. அமெரிக்காவில் ஆயுள் காப்பீடு பரவிய வரலாற்றை எழுதிய விவியானா செலிசர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைப் பெண்களே கடுமையாக எதிர்த்தார்கள் என்று காட்டுகிறார். கணவன் உயிருக்கு விலை பேசுவதாக அது அவர்களுக்குத் தோன்றியது. நம் வீடுகளில் இன்றும் மனைவியை வைத்துக்கொண்டு கணவனின் சாவைப் பேசுவது அபசகுனம். ஆண் முகவர் தயங்கும் அந்த இடத்தில் பெண் முகவர் பேசிவிட முடிகிறது. கணவனை இழந்தவராக இருந்தால் இன்னும் எளிதாக. சுப காரியங்களில் எதிரே வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்டவரின் வாழ்க்கை இங்கே ஆதாரமாகிறது: எங்களுக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது. சிலருக்கு அப்படிப் பேசுவது விடுதலையாகவும் இருக்கிறது. ஆனால் தன் துயரத்தை வாரத்துக்குப் பத்து முறை இலக்குக்காகச் சொல்ல வேண்டியிருப்பதை விடுதலை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

படிவத்தில் ஒரு டிக்

மனநிறைவு எங்கே இருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம், பிரிவு 6. ஒரு கணவர் தன் உயிரின் மேல் பாலிசி எடுக்கும்போதே, இது என் மனைவிக்காக, பிள்ளைகளுக்காக என்று இந்தச் சட்டத்தின் கீழ் குறித்துவிட்டால், அந்தப் பணம் ஒரு டிரஸ்ட் போல ஆகிவிடும். கணவரின் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. அவராலும் தன் விருப்பப்படி அதைத் திரும்பப் பெறவோ அடமானம் வைக்கவோ முடியாது. விண்ணப்பத்தின்போதே செய்ய வேண்டும். பிறகு சேர்க்க முடியாது. இதற்குக் கூடுதல் பிரீமியம் இல்லை. கூடுதல் கமிஷனும் இல்லை.

கந்துவட்டிக்கு வாங்கித் தொழில் செய்யும் கணவர்கள் நிறைந்த நம் ஊர்களில் இதைவிடப் பயனுள்ள யோசனை குறைவு. அதைச் சொல்ல முகவர் கணவரின் முகத்தைப் பார்த்து, இந்தப் பணத்தில் உங்களுக்குக் கை கிடையாது என்று சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் அவர். காசு கட்டுகிறவர் அவர். பாலிசியே வேண்டாம் என்று எழுந்துவிடக் கூடியவரும் அவர். கமிஷன் அவளை மௌனமாக இருக்கச் சொல்கிறது.

நாமினி பற்றிய விளக்கமும் இப்படித்தான். ஆயுள் காப்பீட்டில் மனைவியையோ பெற்றோரையோ பிள்ளைகளையோ நாமினியாகப் போட்டால் 2015 சட்டத் திருத்தத்துக்குப் பின் பணம் அவருக்கே உரிமை. வங்கி வைப்புத் தொகையில் நாமினி, வாரிசுகளுக்காகப் பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே. பங்குகளுக்கும் அப்படியே என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. திருமணத்துக்கு முன் அம்மாவின் பெயரைப் போட்டுவிட்டு மாற்ற மறந்த கணவர்கள் எத்தனை பேர்? ஒரு மதியம் உட்கார்ந்து ஒரு வீட்டின் எல்லாக் காகிதங்களையும் எடுத்து வைத்து இதைச் சரிபார்த்துக் கொடுக்கும் பெண்தான் உண்மையான ஆலோசகர். அந்த வீட்டுப் பெண் அவளை ஆயுளுக்கும் மறக்கமாட்டாள். அந்த மதியத்துக்கு அவளுக்கு வருமானம் ஒரு டம்ளர் காப்பி.

வருமானம் எங்கே இருக்கிறது? முப்பது வயதுக்காரருக்கு ஐம்பது லட்சம் ரூபாய் டேர்ம் பாலிசி ஆண்டுக்கு ஏறக்குறைய பத்தாயிரத்துக்குள் கிடைக்கும். ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கட்டும் எண்டோமென்ட் பாலிசியில் காப்புத் தொகை பத்து லட்சத்தைச் சுற்றி நிற்கும். முதல் ஆண்டுப் பிரீமியத்தில் நான்கில் ஒரு பங்கு கமிஷன் என்று வைத்தால் முன்னதில் 2,500, பின்னதில் 12,500. குடும்பத் தலைவர் நாளைக்கே இறந்தால் எது அந்தப் பெண்ணைக் காக்கும் என்பது விற்கிறவருக்குத் தெரியும். எதை விற்றால் தன் பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டலாம் என்பதும் தெரியும். இந்த இரண்டுக்கும் இடையில் நிறுத்தப்பட்ட ஒருவரிடம் மனநிறைவைப் பற்றிப் பேசுவது கொடுமை. நேர்மையைத் தனிநபரின் குணமாக்கிவிட்டு, அதற்கு எதிராகக் கமிஷனை வடிவமைத்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

முதல் ஆண்டோடு நிறுத்தினால் கட்டியது எதுவும் திரும்பாது என்ற பழைய நிலை 2024 அக்டோபரில் மாறி, ஓராண்டுப் பிரீமியத்தை முழுதாகக் கட்டியவருக்கும் ஒரு சரண்டர் தொகை உண்டு என்றாயிற்று. வாடிக்கையாளருக்கு நியாயமான மாற்றம். அதன் செலவை ஈடுகட்ட முதலாண்டுக் கமிஷனைக் குறைத்தபோது முகவர் சங்கங்கள் எதிர்த்தன. பாலிசி எடுத்த ஏழைப் பெண்ணின் நியாயத்தையும் அதை விற்ற ஏழைப் பெண்ணின் நியாயத்தையும் ஒன்றுக்கொன்று எதிரியாக்கி வைத்திருப்பதுதான் இந்த அமைப்பின் திறமை.

யார் கட்டணம் கட்டுவது

கமிஷன் வேண்டாம், கட்டணம் வாங்கும் ஆலோசகராவோம் என்றால் அடுத்த கேள்வி எழுகிறது. தன் கையில் வருமானம் இல்லாத பெண் எந்தப் பணத்தில் கட்டணம் கட்டுவாள்? பதிவு பெற்ற ஆலோசகரின் ஆண்டுக் கட்டணம் பல ஆயிரங்களில் இருக்கும். பெரும் பணம் உள்ளவர்களுக்குப் பாரபட்சமற்ற யோசனை; சிறுவாட்டுப் பணம் உள்ளவர்களுக்கு விற்பனை என்று பிரிந்து கிடக்கிறது.

சிறுவாடு என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன். அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் கணவன் அறியாமல் சேர்த்த பணம் அது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றானபோது அந்த ரகசியம் வீட்டுக்கு வீடு உடைந்தது. அந்தப் பெண்களுக்கு அன்று தேவைப்பட்டது தன் பெயரில் ஒரு கணக்கும், வாயைத் திறக்காத ஓர் ஆலோசகரும். 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் கடனைப் பற்றிய அறிவை ஓரளவு கொண்டுவந்தன. 2023 செப்டம்பரிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை விழுகிறது. கணக்கு வந்துவிட்டது, பணமும் வருகிறது. அதை வைத்து என்ன செய்யலாம் என்று எதையும் விற்காமல் சொல்லித்தர ஆள் இல்லை. அரசுச் சம்பளத்தில், ஒன்றியத்துக்கு இருவர் என்றாவது, பெண் நிதி ஆலோசகர்களை ஏன் நியமிக்கக் கூடாது? ஊர்தோறும் கிராம சுகாதாரச் செவிலியர் வேண்டும் என்று எண்ண முடிந்த மாநிலத்துக்கு இது எண்ண முடியாத காரியம் அன்று.

அது வரும்வரை, இந்த வேலைக்குப் போக நினைக்கும் மாணவி அழைக்கிறவரிடம் சில கேள்விகளைக் கேட்கலாம். கடந்த ஐந்தாண்டில் இந்தக் கிளையில் சேர்ந்த பெண்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? நான் பிடிக்கும் பாலிசிக்கு வளர்ச்சி அதிகாரிக்கு என்ன கிடைக்கிறது? நான் விலகினால் என் புதுப்பித்தல் கமிஷன் என்ன ஆகும்? டேர்ம் பாலிசி மட்டும் விற்றால் என் இலக்கு நிறைவேறுமா? திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தைப் பற்றிப் பயிற்சியில் எத்தனை நிமிடம் சொல்லித்தருவீர்கள்? பதில் சொல்லத் தயங்குகிறவர் மனநிறைவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அந்தப் பேச்சு எதற்காக என்று அப்போது புரியும்.

பதில்களைக் கேட்ட பின்பும் போகலாம். போகிறவர்கள் விண்ணப்பப் படிவத்தின் அந்தக் கட்டத்தைக் கணவருக்கும் மனைவிக்கும் சேர்த்தே படித்துக் காட்டட்டும். கமிஷன் பட்டியலில் அதற்கு வரி இல்லை. அந்த வரியை எழுத வைப்பது முகவர் சங்கங்களில் சேரும் பெண்களின் வேலை, பாலிசி எடுக்கும் நம் வேலையும்கூட.